பட்டா இல்லாத சொத்து

கேட்கப்பட்ட கேள்வி இது: “ஈரானின் காமேனி எளிமைக்குப் பேர்போனவர், பழைய கம்பளத்தில் உட்காருகிறவர் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் 95 பில்லியன் டாலர் அவர் கையில் என்கிறார்கள். எது உண்மை? ஒரு மதகுருவிடம் இவ்வளவு பணமும் அதிகாரமும் எப்படிச் சேர்ந்தது? இதெல்லாம் அவர் பிள்ளைகளுக்குப் போகுமா?”

இரண்டும் உண்மைதான். ஒன்றை நம்புவதற்காக மற்றதைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் பல வருடம் கணக்குத் தணிக்கையில் குப்பை கொட்டியவன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார்: சொத்து யார் பேரில் இருக்கிறது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காசோலையில் யார் கையெழுத்துப் போடுகிறார், அவரிடம் கணக்குக் கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது என்று முதலில் பார். ஈரான் விஷயத்தில் பட்டாவைத் தேடிப் போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். கையெழுத்தைத் தேடிப் போனால் கிட்டத்தட்ட எல்லாம் ஒரே வாசலில் போய் நிற்கும்.

அந்த 95 பில்லியன், அதாவது 9,500 கோடி டாலர் என்ற எண்ணிக்கை 2013 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் ஆறு மாதம் விசாரித்து வெளியிட்ட தொடரிலிருந்து வந்தது. செத்தாத் என்ற ஒரே ஒரு அமைப்பின் மதிப்பீடு அது: நிலம், கட்டடம் சுமார் 5,200 கோடி டாலர், நிறுவனப் பங்குகள் சுமார் 4,300 கோடி டாலர். மதிப்பீடுதான், ஐந்தொகை எதையும் பார்த்துச் சொன்னது இல்லை. செத்தாத் தரப்பு அதை மறுத்தது. அதே தொடரில் இன்னொரு வரியும் இருந்தது. காமேனி இந்தப் பணத்தைச் சொந்தச் சுகத்துக்கு எடுத்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள். எண்ணிக்கையை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், இந்த வரியை விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் விஷயமே அந்த வரியில்தான் இருக்கிறது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். 1979 புரட்சியின் தலைவர் கொமேனி. 1989 ஜூனில் அவர் இறந்ததும், ஜனாதிபதிக்கும் மேலான ‘உச்சத் தலைவர்’ பதவிக்கு வந்தவர் காமேனி. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும், கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

இனி, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. ஷியா முஸ்லிம்களிடம் குமுஸ் என்று ஒரு கடமை உண்டு. வருடச் செலவு போக மிஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் சுன்னி என்பதால் ஜகாத் தெரிந்த அளவுக்கு இது இங்கே தெரியாது. சென்னை ஆயிரம் விளக்கு மசூதிப் பக்கம் இருக்கும் ஷியாக் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கில் பாதி, நபி வழிவந்த ஏழைகளுக்கு. மறுபாதிக்கு ‘இமாம் பங்கு’ என்று பெயர். நபி வழிவந்த தலைவர்களில் கடைசியான பன்னிரண்டாவது இமாம், சாகாமல் கண்ணுக்கு மறைவாக இருக்கிறார் என்பது நம்பிக்கை. அவர் திரும்பி வரும்வரை அந்தப் பங்கை வாங்கிச் செலவிடும் பொறுப்பு, தான் பின்பற்றும் மூத்த மார்க்க அறிஞருக்கு, அதாவது மர்ஜாவுக்கு. அவர் அதை மத்ரஸா மாணவர்களுக்கு மாதப்படியாகக் கொடுப்பார், அனாதைகளுக்குக் கொடுப்பார், பள்ளி கட்டுவார்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பணம் ராஜா கஜானா வழியாக வருவதே கிடையாது. கடைத்தெரு வியாபாரியின் கல்லாவிலிருந்து நேராக மார்க்க அறிஞரின் கைக்கு வருகிறது. அதனால் ராஜாவுக்கு அவர் பயப்பட வேண்டியதில்லை. 1890-ல் ஈரான் ஷா, அதாவது மன்னர், நாட்டின் மொத்தப் புகையிலை வியாபாரத்தையும் டால்பாட் என்ற ஆங்கிலேயருக்கு 50 வருடத்துக்கு எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடம் இராக்கின் சாமர்ராவில் இருந்த மிர்சா ஷிராசி பெயரில் ஒரு ஃபத்வா வந்தது: இனி புகையிலை தொடுவது மறைந்திருக்கும் இமாமோடு போர் செய்வதற்குச் சமம். ஊர் முழுக்க ஹூக்கா அணைந்தது. ஷாவின் அந்தப்புரத்திலேயே பெண்கள் குழாயைக் கீழே வைத்துவிட்டார்கள் என்பார்கள். 1892 தொடக்கத்தில் ஷா ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டார். காசு கொடுக்கிறவனும் சொல் கேட்கிறவனும் ஒரே ஆளாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்கே எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு கடிவாளம் இருந்தது. மர்ஜா ஒருவர் மட்டும் கிடையாது, ஒரே காலத்தில் பலர் இருப்பார்கள். ஒருவர் பிடிக்கவில்லை என்றால் வியாபாரி தன் குமுஸை இன்னொருவருக்குக் கொடுத்துவிடலாம். பணமும் மரியாதையும் ஊராரின் நம்பிக்கையைப் பொறுத்து நகரும். மார்க்க அறிஞரே ஆட்சி செய்ய வேண்டும் என்று 1970-ல் இராக்கின் நஜஃபில் கொமேனி பாடம் நடத்தி, 1979-ல் அதை நடத்தியும் காட்டிய பிறகு, கதை வேறானது. இனி விரும்பியவர் கொடுப்பது என்ற இடத்தில் அரசாணை வந்து உட்கார்ந்தது.

1979 பிப்ரவரி 1-ம் தேதி பாரிஸிலிருந்து விமானத்தில் வந்திறங்கிய கொமேனியை மெஹ்ராபாத் விமான நிலையத்திலிருந்து ஒரு ஷெவர்லே பிளேஸர் வண்டியில் கூட்டிக்கொண்டு போனார்கள். வண்டி ஓட்டியவர் மொஹ்சன் ரஃபீக்தூஸ்த். தெஹ்ரான் காய்கறிச் சந்தை வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. இவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மாதக் கடைசியில் கொமேனி ஓர் ஆணை போட்டார்: ஷா குடும்பத்தின் சொத்தும் அவரைச் சேர்ந்தவர்களின் சொத்தும் பறிமுதல், அவை ஏழைகளுக்குப் போக வேண்டும். அதற்காகப் பிறந்ததுதான் மொஸ்தஸஃபான் அறக்கட்டளை. பெயருக்கு ‘ஒடுக்கப்பட்டோர் அறக்கட்டளை’ என்று பொருள். இந்த வகை அமைப்புகளைப் பாரசீகத்தில் பொன்யாத் என்பார்கள். ஹோட்டல், ஆலை, பண்ணை என்று நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஒரே நாளில் கை மாறிய மாதிரிதான். தெஹ்ரான் ஹில்டன் ஹோட்டல் ‘எஸ்தெக்லால்’ ஆனது. ‘சுதந்திரம்’ என்று அர்த்தம். பெப்ஸியின் உள்ளூர்க் கூட்டாளியாக 1954-ல் தொடங்கிய ஸம்ஸம் கம்பெனியும் அறக்கட்டளைக்கு வந்தது. தெஹ்ரானில் கபாபோடு ஒரு ஸம்ஸம் கோலா வாங்கிக் குடித்தால் அந்த லாபம் இந்தக் கல்லாவுக்குத்தான். ஈரானில் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு அடுத்த பெரிய நிறுவனம் இதுதான் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது.

1989-ல் அந்த அறக்கட்டளைக்குத் தலைவராக வந்தவர் யார் தெரியுமா? வண்டி ஓட்டிய ரஃபீக்தூஸ்த். நடுவில், ஆட்சியைக் காக்கும் தனி ராணுவமான புரட்சிக் காவலர் படைக்கான அமைச்சராகவும் இருந்தார். பத்து வருடம் அறக்கட்டளையை நடத்தினார். 1995-ல் ஒரு பெரிய அரசு வங்கியில் 12,300 கோடி தோமான் (ஈரான் பணம்) மோசடி வெளியே வந்தபோது, தண்டிக்கப்பட்டவர்களில் அவருடைய சகோதரரும் ஒருவர், ஆயுள் தண்டனை. கூட்டாளி ஒருவரைத் தூக்கில் போட்டார்கள். அறக்கட்டளைத் தலைவர் 1999 வரை நாற்காலியிலேயே இருந்தார். அவரை நியமிப்பது நாடாளுமன்றம் இல்லை, உச்சத் தலைவர். அவர் பதில் சொல்ல வேண்டியதும் அங்கே மட்டும்தான்.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். ஈரானில் அரசாங்கத்தின் சொத்து வேறு, இந்த அறக்கட்டளைகளின் சொத்து வேறு. நம் மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தில் 15 சதவீதத்துக்குச் சற்று மேல் பங்கு ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு கம்பெனியிடம் இருக்கிறது. ஷா காலத்து உறவு அது, இன்னும் தொடர்கிறது. அது அரசுச் சொத்து. பட்ஜெட், அமைச்சர், நாடாளுமன்றக் கேள்வி என்று ஏதோ ஒரு கயிறு அதில் கட்டியிருக்கும். பொன்யாத்களில் அந்தக் கயிறு இல்லை. பாதி அரசு மாதிரி சலுகை, பாதி தனியார் மாதிரி ரகசியம்.

அடுத்தது மஷ்ஹத். எட்டாவது இமாமான ரெஸா அடக்கமான ஊர், காமேனி பிறந்த ஊரும் அதுதான். அடக்கத்தலத்தைச் சுற்றி உலோகக் கிராதி உண்டு, ஸரீஹ் என்பார்கள். வருடத்துக்குக் கோடிக்கணக்கில் வரும் யாத்ரீகர்கள் அந்தக் கிராதியைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், நேர்ச்சைப் பணத்தை மடித்து உள்ளே தள்ளுவார்கள். நம்மூர் உண்டியல் கண்ணுக்கு முன்னால் வருகிறது இல்லையா, அதேதான். அவ்வப்போது உள்ளே தூசி துடைக்கும் சடங்கு நடக்கும். காமேனியே துணியோடு உள்ளே போய்த் துடைக்கிற படங்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்டியல் காசு பெரிய விஷயம் இல்லை. பல நூற்றாண்டாக மக்கள் எழுதிவைத்த வக்ஃபு நிலம்தான் பெரிது. மஷ்ஹத் நகர நிலத்தில் கணிசமான பங்கு தர்காவை நிர்வகிக்கும் ஆஸ்தானே குத்ஸ் ரஸவி அமைப்புக்குச் சொந்தம். சொந்த வீடு கட்டியிருப்பவர்கள்கூட மனைக்கு வாடகை தர்காவுக்குக் கட்டுவார்கள். அதோடு சர்க்கரை ஆலை, ரொட்டி ஆலை, பால் பண்ணை, பழத்தோட்டம். வருமான வரியிலிருந்து நெடுங்காலம் விலக்கும் இருந்தது. பக்கத்தில் வரி கட்டி ரொட்டி சுடுகிறவர் இதோடு எப்படிப் போட்டி போடுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதன் பொறுப்பாளரையும் உச்சத் தலைவர்தான் நியமிக்கிறார். 1979-ல் வந்த வாயெஸ் தபசி 2016 மார்ச்சில் இறக்கும்வரை, 37 வருடம், அந்த இடத்திலேயே இருந்தார். சில நாளிலேயே காமேனி இப்ராஹிம் ரைசியை அமர்த்தினார். அதுவரை நீதித்துறை வட்டாரத்துக்கு வெளியே ரைசியை அவ்வளவாக யாருக்கும் தெரியாது. தர்கா பொறுப்புக்கு வந்த அடுத்த வருடம் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றார், 2019-ல் நீதித்துறைத் தலைவரானார், 2021-ல் ஜனாதிபதி. 2024 மே மாதம் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோது அதே தர்காவில் அடக்கம் செய்தார்கள். ஒரு கோயில் தர்மகர்த்தா பதவி நாட்டின் ஜனாதிபதி பதவிக்குப் படிக்கட்டாக ஆகுமா என்று நமக்குத் தோன்றும். அங்கே ஆகும், ஏனென்றால் யாருக்கு வேலை, யாருக்கு உதவி, யாருக்கு ஒப்பந்தம் என்று முடிவு செய்யும் இடம் அது.

சரி, 1989-க்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் காமேனி பலவீனமான ஆளாகத்தான் உள்ளே வந்தார். கொமேனியின் வாரிசு என்று முதலில் முடிவாகியிருந்தவர் மொந்தஸரி, பெரிய மார்க்க அறிஞர். சிறைகளில் நடந்த கொலைகளை எதிர்த்துப் பேசியதால் 1989 மார்ச்சில் கழற்றிவிடப்பட்டார். அப்போது இருந்த அரசியல் சட்டப்படி தலைவர் ஒரு மர்ஜாவாக இருக்க வேண்டும். ஜனாதிபதியாக இருந்த காமேனி மர்ஜா இல்லை, நடுத்தர நிலை அறிஞர். ஜூன் 4 அன்று நிபுணர் சபை கூடி அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் கூட்டத்தின் காட்சி 2018-ல் வெளியே கசிந்தது. என்னைப் போன்ற ஆளைத் தலைவராக யோசிக்கும் நிலைக்கு இந்தச் சமூகம் வந்ததற்கு அழ வேண்டும் என்கிற பொருளில் அவரே பேசுகிறார். தேர்வு தற்காலிகம் என்றும் அதில் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் வாக்கெடுப்பு நடத்திச் சட்டத்தில் இருந்த மர்ஜா நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். தற்காலிகமும் அதோடு முடிந்தது.

மார்க்கக் கல்விக்குப் பேர்போன கும் நகரில் மூத்தவர்கள் பலர் இருக்க, இவர் எப்படி நின்றார்? கொமேனிக்கு இருந்த கவர்ச்சி இவருக்கு இல்லை, மொந்தஸரிக்கு இருந்த புலமையும் இல்லை. இருந்தது கையெழுத்து. வெள்ளிக்கிழமைத் தொழுகை நடத்தும் ஒவ்வொரு மாகாணத்து ஜும்ஆ இமாமும் அவர் நியமனம். படைப்பிரிவு, பல்கலைக்கழகம், அரசு அலுவலகம் என்று எங்கும் ‘தலைவரின் பிரதிநிதி’ என ஒருவர் உட்கார்ந்தார். கும் மாணவர்களுக்கு அவர் பெயரிலும் மாதப்படி போக ஆரம்பித்தது. மத்ரஸா உலகத்தில் யாருடைய படியை வாங்குகிறாய் என்பது யாருடைய ஆள் என்பதற்கு ரொம்பப் பக்கம். பழைய காலத்தில் மரியாதை இருந்தவரிடம் பணம் வந்தது. இவர் காலத்தில் பணம் இருந்ததால் மரியாதை வந்தது என்றுதான் நான் படிக்கிறேன்.

செத்தாத் அதே 1989-ல் பிறந்தது. இறப்பதற்கு ஒரு மாதத்துக்குச் சற்று முன்னால், ஏப்ரலில், கொமேனி இரண்டே பத்தியில் ஓர் உத்தரவு எழுதினார். புரட்சியின்போது ஓடிப்போனவர்கள் விட்டுப்போன சொத்து, உரிமையாளர் தெரியாத சொத்து, இவற்றை விற்றுத் தர்மத்துக்குச் செலவிடுங்கள் என்று மூன்று பேரிடம் பொறுப்பைக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் வேலை முடிந்துவிடும் என்பதுதான் எண்ணம். ‘இமாமின் உத்தரவை நிறைவேற்றும் தலைமையகம்’ என்பது அதன் முழுப் பெயர் (இங்கே இமாம் என்றது கொமேனியை), செத்தாத் என்பது அதில் ‘தலைமையகம்’ என்ற சொல். அந்த மூவரில் ஒருவர் மெஹ்தி கரூபி. பின்னாளில் 2009 தேர்தலில் நின்று, மோசடி நடந்தது என்று சொல்லி, 2011-லிருந்து பல வருடம் வீட்டுக்காவலில் கிடந்தவர் இவரேதான்.

உரிமையாளர் இல்லாத சொத்து என்றைக்காவது தீர்ந்துவிடும் என்று நினைப்போம். தீரவில்லை. அரசியல் சட்டத்தின் 49-வது பிரிவு, வட்டி, லஞ்சம், அபகரிப்பு வழியில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்யச் சொல்கிறது. உரியவர் தெரிந்தால் அவரிடம் கொடு, தெரியாவிட்டால் பொதுக் கஜானாவில் சேர் என்பது அதன் வாசகம். அதற்கென்று தனி நீதிமன்றம். வெளிநாட்டில் குடியேறியவர்களின் வீடு, பஹாய் சமயத்தாரின் வீடு, கடை என்று வழக்குகள் வந்துகொண்டே இருந்தன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசில் வாங்கிய அடுக்குமாடி வீட்டை, உரிமையாளர் ஊரில் இல்லை என்று சொல்லி எடுத்துக்கொண்ட கதைகளை ராய்ட்டர்ஸ் பதிவு செய்திருக்கிறது. தன் சொத்தைத் திரும்பப் பெறுவதற்கே பணம் கட்டச் சொன்னதும் அதில் உண்டு. எடுத்த வீடுகள் ஏலத்துக்கு வரும்.

தணிக்கைக்காரனாக இதைப் படிக்கும்போது எனக்கு முதுகில் சில்லிட்டது. பறிமுதல் உத்தரவு போடும் நீதித்துறையின் தலைவரை நியமிப்பவர் உச்சத் தலைவர். பறித்ததை வாங்கி வைத்துக்கொள்ளும் செத்தாத்தும் அவர் கீழ். சட்டம் சொன்ன பொதுக் கஜானா நடுவில் எங்கேயோ காணாமல் போனது. சரக்கை வாங்குகிறவர், சரிபார்க்கிறவர், பணம் கொடுக்கிறவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்று சின்னப் பலசரக்கு மண்டியிலேகூட நாங்கள் குறிப்பு எழுதுவோம்.

2000-க்குப் பிறகு செத்தாத் வீடு விற்பதோடு நிற்கவில்லை. வங்கிப் பங்கு, எண்ணெய், தொலைபேசி, கருத்தடை மாத்திரை, நெருப்புக்கோழிப் பண்ணை வரை போனது. 2006-ல் அரசு நிறுவனங்களின் பெரும்பங்கைத் தனியாருக்கு விற்கும்படி காமேனி உத்தரவிட்டார். கேட்கத் தாராளமயம் மாதிரி இருக்கும். வாங்க வந்தவர்கள் யார் என்று பார்த்தால்தான் சங்கதி புரியும்.

2009 செப்டம்பரில் ஈரான் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பாதிக்கு ஒரு பங்கு கூடுதலாக விற்பனைக்கு வந்தது. ஜூனில்தான் தேர்தல் மோசடி என்று லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்து, கைபேசியும் குறுஞ்செய்தியும் அடிக்கடி முடங்கிப்போயிருந்தன. தனியார் தரப்பில் போட்டியிட்ட ஒரு குழுவை, பாதுகாப்புத் தகுதி இல்லை என்று கடைசி நேரத்தில் விலக்கிவிட்டார்கள். சுமார் 780 கோடி டாலருக்கு வாங்கியது புரட்சிக் காவலர் படையோடு தொடர்புடைய கூட்டமைப்பு. செத்தாத்தின் கிளை ஒன்றும் அதில் பங்காளி. நாட்டின் தொலைபேசிக் கம்பி இப்படித்தான் ‘தனியார்மயம்’ ஆனது. அந்தப் படை ஈரான்-இராக் போர் முடிந்ததும் சாலை, அணை, குழாய்ப் பாதை என்று கட்டுமானத்தில் இறங்கியிருந்தது. அதன் தளபதியையும் நியமிப்பது உச்சத் தலைவர்தான். ஜனாதிபதியாக இருந்த ரூஹானி 2017-ல் இதைப் பற்றி வாய்விட்டே சொன்னார்: துப்பாக்கி இல்லாத அரசாங்கத்திடம் இருந்த பொருளாதாரத்தைப் பிடுங்கித் துப்பாக்கி வைத்திருக்கும் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டோம் என்று.

தேர்தல் நடக்கிறதே, மக்கள் மாற்ற முடியாதா என்று கேட்கலாம். உச்சத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதும், வேண்டுமானால் நீக்குவதும் 88 பேர் கொண்ட நிபுணர் சபை. மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் அந்த 88 பேர் வருகிறார்கள். ஆனால் யார் வேட்பாளராக நிற்கலாம் என்று வடிகட்டுவது 12 பேர் கொண்ட காவலர் மன்றம். அதில் ஆறு பேர் தலைவரின் நேரடி நியமனம். மற்ற ஆறு பேரை நீதித்துறைத் தலைவர் முன்மொழிய நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும், அந்த நீதித்துறைத் தலைவர் யார் நியமனம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். 2016-ல் நிபுணர் சபைக்கு நிற்க வந்த கொமேனியின் சொந்தப் பேரனையே மன்றம் தள்ளிவிட்டது. 2024-ல் எட்டு வருடம் ஜனாதிபதியாக இருந்த ரூஹானியையும் தள்ளிவிட்டது.

இதெல்லாம் பெரிய இடத்துச் சண்டை, சாதாரண ஆளுக்கு என்ன என்று தோன்றினால் தடுப்பூசிக் கதையைப் பாருங்கள். 2021 ஜனவரி 8 அன்று, அமெரிக்க, பிரிட்டிஷ் கொரோனா தடுப்பூசிகளை நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று காமேனி தொலைக்காட்சியில் அறிவித்தார். உள்நாட்டில் முன்னணியில் இருந்த தடுப்பூசியின் பெயர் கோவிரான் பரகத். தயாரித்தது செத்தாத்தின் கம்பெனி. ஜூன் மாதம் காமேனி அதைத்தான் போட்டுக்கொண்டார், படமும் வந்தது. சொன்ன அளவுக்குச் சொன்ன தேதியில் மருந்து வரவில்லை. ஆகஸ்டில் டெல்டா அலை அடித்தது. அரசு கணக்குப்படியே ஒரு நாளைக்கு 600 பேருக்கு மேல் செத்தார்கள். இறக்குமதியோ உற்பத்தியோ, எப்படியாவது தடுப்பூசி கொண்டுவாருங்கள் என்று அப்புறம் அவரே சொன்னார். கடைசியில் பெரும்பாலான கைகளில் ஏறியது சீனத்து சைனோபார்ம். அந்த ஏழு மாதத்துக்கு யாரிடம் கணக்குக் கேட்பது? தடை போட்டவரும், போட்டி இல்லாத சந்தையில் மருந்து விற்க இருந்த அமைப்பைத் தன் கீழ் வைத்திருந்தவரும் ஒருவரே.

கணக்குக் கேட்க முடியாது என்பதை நான் சும்மா சொல்லவில்லை. 2008-ல் ஈரான் நாடாளுமன்றமே, உச்சத் தலைவரின் கீழ் உள்ள அமைப்புகளை அவர் அனுமதி இல்லாமல் நாங்கள் கண்காணிக்க மாட்டோம் என்று முடிவு செய்துகொண்டது. இப்படித் தன் கையைத் தானே கட்டிக்கொண்ட சபையை வேறெங்கும் நான் படித்ததில்லை. 2017 டிசம்பரில் ரூஹானி அரசு பட்ஜெட் வரைவை வெளியிட்டபோது, மத அமைப்புகளுக்கு எவ்வளவு போகிறது என்ற பட்டியல் சமூக ஊடகத்தில் பரவியது. முட்டை விலை ஏறியிருந்த நேரம். போலி நிதி நிறுவனங்களில் போட்ட சேமிப்பு பறிபோன கோபமும் சேர்ந்துகொண்டது. டிசம்பர் 28-ல் தெருவுக்கு வந்த முதல் ஊர், வேறெதுவும் இல்லை, தர்கா இருக்கும் மஷ்ஹத்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த அமைப்புகள் தர்மமே செய்யவில்லை என்பது பொய். கிராமத்துப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, போரில் கால் இழந்தவருக்கு உதவித்தொகை, கலியாணக் கடன், எல்லாம் உண்டு. வாங்கியவர்கள் நன்றியோடும் இருக்கிறார்கள். வந்ததில் எத்தனை பங்கு அதற்குப் போனது என்று காட்டும் ஏடுதான் வெளியே கிடையாது. அமெரிக்கத் தடைகள் வேறு, 2013-ல் செத்தாத் மேல், 2020-ல் மொஸ்தஸஃபான் மேல், 2021 தொடக்கத்தில் ஆஸ்தானே குத்ஸ் மேல் வந்தன. அவற்றால் இந்த அமைப்புகள் மெலிந்தன என்று நான் நினைக்கவில்லை. வெளிநாட்டுக் கம்பெனிகள் கிளம்பிப் போன இடத்தில், தடையைச் சமாளிக்கத் தெம்புள்ளவர்கள் இவர்கள்தான் மிஞ்சினார்கள்.

பிள்ளைகளுக்குப் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். சட்டப்படி போகாது. செத்தாத், மொஸ்தஸஃபான், தர்கா எதுவும் காமேனி பெயரில் எழுதியது இல்லை, உயில் எழுதவும் முடியாது. பதவிக்கு அடுத்து யார் வருகிறாரோ அவர் கையெழுத்துக்குப் போகும், தர்கா பொறுப்பு தபசியிலிருந்து ரைசிக்கு மூன்றே நாளில் போன மாதிரி. வந்தவர் எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் இதே ஏற்பாடுதான்.

அரசியல் சட்டத்தில் 142-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. உச்சத் தலைவர், அவர் மனைவி, பிள்ளைகளின் சொத்தைப் பதவிக்கு வருமுன்னும் பதவி முடிந்த பின்னும் நீதித்துறைத் தலைவர் பரிசோதிக்க வேண்டும், முறைகேடாக எதுவும் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நியமிக்கப்பட்டவர் நியமித்தவரைச் சோதிக்கும் வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். நானே போய் அந்தத் தணிக்கையைச் செய்வதாக வைத்துக்கொண்டால், அவர் பேரில் இருப்பதை மட்டும் எண்ணச் சொன்னால், ஒரு பழைய கம்பளம், அலமாரி அலமாரியாகப் புத்தகம், விரலில் ஒரு கல் மோதிரம் என்று எழுதிக்கொண்டு, குறை ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன்.